பாசிக்கு ஒரு கறுப்புப் போர்வை

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பார்வையைத் தெளிய வைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரால், தன் வீட்டுக் கூடத்துத் தொட்டியில் மீன் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க முடியவில்லை. அது கடல்மீன் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. சுவரெங்கும் பச்சைப் பாசி. கற்களின்மேல் தலைமுடிபோல் நீண்டு அலைந்தது. அதற்குள் எங்கோ இரண்டு கோமாளி மீன்கள் இருந்தாக வேண்டும்.

மகள் மேற்படிப்புக்குப் போகும்போது, "இதுங்களைப் பத்திரமாப் பாத்துக்கங்கப்பா" என்று ஒப்படைத்துவிட்டுப் போன மீன்கள். விடுமுறைக்கு வருகிறவளிடம் காலித் தொட்டியைக் காட்டும் துணிச்சல் அவருக்கு இல்லை. ஆகவே, ஒன்பது மணிக்குக் கடையடைக்கிற மனிதர் ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தார். மனைவி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

கை சுரண்டும்போது வாய் சும்மா இருக்காதல்லவா? கடைக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்வார். தன் கண்ணாடிமேலேயே உட்கார்ந்து நொறுக்கிவிட்டு, அதைத் தேடித் தரச்சொல்லிக் கடைக்கு வந்த வாத்தியாரின் கதையை அவள் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் சிரித்தாள்.

மீன் கடைக்காரரிடம் யோசனை கேட்டார். "மிஞ்சிப்போற தீனிதான் சார் பாசிக்குச் சாப்பாடு. தீனியைக் குறைங்க" என்றார் அவர். தீனி விற்கிறவர் இப்படிச் சொல்வதென்றால் நியாயஸ்தர்தான். கண்ணாடிக்காரர் ஒரு சிட்டிகையாகக் குறைத்தார். பாசி இன்னும் செழித்தது.

பாசி தின்னும் கடல் நத்தைகளை வாங்கி விட்டார். அவை விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர்களைப்போல மூலையில் ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன. சில செத்து அழுகி, அவையும் பாசிக்கே உரமாயின. தண்ணீரைப் பாதி இறைத்துவிட்டுப் புது உப்புக் கரைத்து ஊற்றினார். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரில் கரைத்ததால், பச்சைப் பாசியோடு பழுப்புப் பாசியும் சேர்ந்துகொண்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

"விடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள் மனைவி. அவள் முகத்தில் கவலையே இல்லை. தனக்காகக் கவலையை மறைத்துக்கொள்கிறாள் என்று நினைத்து அவர் நெகிழ்ந்துபோனார்.

கடைசி ஆயுதம் இருட்டு. வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி சாகும். தொட்டி விளக்கை அணைத்து, கறுப்புப் போர்வையால் முழுக்க மூடி, விளிம்பெல்லாம் டேப் ஒட்டி, ஜன்னல் திரைகளையும் இழுத்துவிட்டார். மூன்று நாள் யாரும் திறக்கக்கூடாது என்று உத்தரவு.

மறுநாள் காலை, மாடிவீட்டுத் தையல்காரர் சட்டை கொடுக்க வந்தார். இருட்டுக் கூடத்தில் ஏதோ நீளமாகப் போர்த்தியிருந்ததைப் பார்த்ததும் அவர் குரல் தானாகத் தணிந்தது.

"எப்ப ஆச்சு சார்?"

"நேத்து ராத்திரிதான் மூடினேன்."

"இன்னும் எடுக்கலையா?"

"மூணு நாள் ஆகணும். அப்பத்தான் முழுசாச் சாகும்."

தையல்காரர் ஓரடி பின்வாங்கினார். சட்டையை வைத்துவிட்டுக் கூலிகூட வாங்காமல் போனார்.

சாயங்காலத்துக்குள் பாதித் தெரு வந்து கைகட்டி நின்றது. கண்ணாடிக்காரர் அப்போது வீட்டில் இல்லை. சுரண்ட வேலை இல்லாததால் ஒன்பது மணிவரை கடையிலேயே இருந்துவிட்டார். வந்தவர்களிடம் மனைவிதான் மீன், தொட்டி, பாசி என்று விளக்கினாள். அவளுடைய வாடிய முகத்தைப் பார்த்தவர்கள், துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மூன்று நாள் கழித்துப் போர்வையை எடுத்தபோது தண்ணீர் பளிங்காக இருந்தது. இரண்டு மீன்களும் உயிரோடு நீந்தின. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிமே கவலையில்ல" என்றார்.

"ஆமா" என்றாள் அவள், முக்காலியை உள்ளே எடுத்துப் போனபடி.

அந்த வாரம் முழுக்க அவர் ஒன்பது மணிக்கு மேல்தான் வந்தார். மூடி வைத்திருந்த சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரம் பாசி திரும்பி வந்தது, முன்னைவிட இரண்டு மடங்காக. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சுத் திணறின.

அன்று மனிதர் உடைந்துபோனார். மகளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். "மீனாவது பிழைக்கட்டும். தொட்டியோட கடைக்காரர்கிட்டயே கொடுத்துடலாம்" என்றார். மனைவி வாளியைக் கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்து வைத்தாள்.

மீன் கடைக்காரர் வண்டியோடு வந்தார். தொட்டிக்கு அடியில் விரிக்க அந்தக் கறுப்புப் போர்வையை எடுத்துவர உள்ளே போன கண்ணாடிக்காரர், திரும்பும்போது வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கடைக்காரர் அவருடைய மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் அப்பவே சொன்னேனேம்மா. வாரத்துக்கு ஒரு டப்பா தீனி போட்டா சார் தினமும் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவாரு, ரெண்டு டப்பா போட்டா மனுஷன் வெறுத்துப்போய்த் தொட்டியையே தூக்கிடுவாருன்னு."