நாற்பது வருஷத்து மொட்டைக் கடுதாசி

"நம்ம வம்சத்தைத் தோண்டி எடுக்கப் போறேன்" என்றாள் கசில்தா.

எலாடியோவுக்குக் குடித்த காபி மூக்கு வழியாக வந்தது.

முப்பத்தைந்து வருஷம் புர்கோஸ் மலைப்பாதையில் பஸ் ஓட்டிய மனுஷன் அவர். பனிச் சறுக்கல், கிடுகிடு பள்ளம், எதிரே பிரேக் பிடிக்காத லாரி, எதற்கும் அசந்ததில்லை. ஓய்வு பெற்ற நாளில் அஞ்சாநெஞ்சன் என்று சொல்லிக் கூட்டாளிகள் கைதட்டினார்கள். தட்டியவர்கள் ஒருத்தருக்கும் கசில்தா பெண்டாட்டியாக வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் அந்தப் பட்டத்தை யோசித்துக் கொடுத்திருப்பார்கள்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"நொயேமி கேக்குறா." நொயேமி அவர்களுடைய ஒரே மகள், பில்பாவோவில் டீச்சர். "நமக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம் ஆகுதில்ல? வம்ச மரம் வரைஞ்சு, சட்டம் போட்டு, சுவத்துல மாட்டணுமாம். பாட்டன், பூட்டன், ஓட்டன், எல்லாரும் வேணுமாம்."

"செத்தவங்களை நிம்மதியா தூங்க விடேன், கசில்தா."

"செத்தவங்க நல்லாத்தான் தூங்குறாங்க. உயிரோட இருக்கிற நீங்கதான் முழிக்கிறீங்க."

சொன்னபடியே செய்தாள். கறிக்கடையில் கறி மடிக்கிற பழுப்புக் காகிதத்தை ஒரு சுருள் வாங்கிவந்து சமையலறைச் சுவரில் ஒட்டினாள். நகராட்சி அலுவலகத்துக்கு நாலு நடை நடந்து, சர்க்கார் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் இருந்ததையெல்லாம் உருவிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருத்தருக்கும் அப்பா வழியில் ஒரு குடும்பப் பெயர், அம்மா வழியில் ஒன்று. அந்த ரெட்டைப் பெயரைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று மேலே ஏறினாள். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்றில் போய் முட்டிக்கொண்டு நின்றாள். அதற்கு முன்னால் சர்க்காருக்கு யார் பிறந்தால் என்ன, செத்தால் என்ன? கோயில் புத்தகங்களில்தான் இருக்கிறது.

"அடுத்தது பங்குக் கோயில்" என்றாள். "முதல்ல நம்ம கல்யாணக் கோப்பு."

எலாடியோ தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஏனென்றால் அந்தக் கோப்பில்தானே அந்தக் கடுதாசி இருக்கும்?

என்ன கடுதாசி என்று சொல்லிவிடுகிறேன்.

அறுபத்தெட்டாம் வருஷம் மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிந்தானசேக்கா ஊர்க் கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். "எலாடியோவுக்கும் கசில்தாவுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று கிழச் சாமியார் சத்தூரியோ பீடத்திலிருந்து முழங்கினார். மூன்று ஞாயிறு இப்படி வாசித்துத் தடை எதுவும் வராவிட்டால் நாலாவது வாரம் தாலி மாதிரி மோதிரம் ஏறிவிடும். தன் பெயரை அந்தப் பெரிய குரலில் கேட்டதும் இருபத்துநாலு வயசு எலாடியோ வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தார். ஆயுசு பூராவுமா? இவளோடயா? முந்தின நாள்தான் அவள் ஒரு கோவேறு கழுதையை ஒரே பார்வையில் பின்னால் நடக்க வைத்ததைப் பார்த்திருந்தார்.

அன்று மத்தியானமே உட்கார்ந்து, இடது கையால், ஆறே வரியில் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினார். 'எலாடியோவுக்கும் கசில்தாவுக்கும் பூட்டி ஒருத்திதான். பெயர் தொமாசா பரியூசோ. ரத்த உறவு. சாமி யோசிக்கவும். இப்படிக்கு, ஒரு நல்ல கிறிஸ்தவன்.' அந்தப் பெயரைக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லில் பார்த்துப் பொறுக்கினார். முழுப் பொய். உண்டியலில் போட்டுவிட்டு, சீட்டி அடித்துக்கொண்டே வீடு திரும்பினார்.

சத்தூரியோ சாமி லேசுப்பட்ட ஆளா? பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நூறு வருஷத்து ஞானஸ்நானப் புத்தகங்களைப் புரட்டினார். ஒரு மாதம் கழித்து அறிவித்தார்: கடுதாசி சொன்னது சத்தியம். தொமாசா பரியூசோ இரண்டு கல்யாணம் பண்ணிக்கொண்டவள். முதல் புருஷன் வழியில் எலாடியோ, இரண்டாவது புருஷன் வழியில் கசில்தா. மனுஷனுக்கு ஒழுங்காக ஒரு பொய் கூடச் சொல்ல வரவில்லை.

ஆயரிடமிருந்து விசேஷ உத்தரவு வந்து சேர மொத்தம் எட்டு மாதம் ஆனது. அதுவரை கசில்தாவின் அப்பா அவரை வாசற்படி ஏறவிடவில்லை. முதல் வாரம் அப்பாடா என்று இருந்தது. இரண்டாவது வாரம் சோறு இறங்கவில்லை. மூன்றாவது மாதம் அவள் ஜன்னலுக்குக் கீழே நின்று, ஊர் பார்க்க அழுதார். அவள் இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்பது அப்போதுதான் அந்த மண்டைக்கு எட்டியது. நவம்பரில் ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது.

ஆனால் கசில்தா மறக்கவில்லை. ஒவ்வொரு கல்யாண நாளும் வாட்டிய ஆட்டுக்குட்டியை மேஜையில் வைத்து, கத்தியை எடுத்து, தொடை இணைப்பைத் தேடிக்கொண்டே சொல்லுவாள்: "என் வாழ்க்கையில எட்டு மாசத்தைத் திருடினவன் எவனோ, அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்." சதக். தொடை தனியாக வந்துவிடும். எலாடியோ தண்ணீர் குடிப்பார். முதல் வருஷமே சொல்லியிருக்கலாம். பத்தாவது வருஷம் சொன்னால், பத்து வருஷமா ஏன்டா மறைச்சே என்பாள். நாற்பதாவது வருஷம் சொன்னால் கத்தி எங்கே இறங்குமோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

இது இப்படி இருக்க, அந்தத் திங்கட்கிழமை கோயிலிலிருந்து அவள் முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"என்னங்க, தாமியான் சாமிகிட்ட பேசினேன்." தாமியான் இப்போதைய சாமியார், சின்னப் பையன் முகம். ஏழு கிராமத்துக்கும் அவர் ஒருத்தர்தான். கிந்தானசேக்காவுக்கு வியாழக்கிழமை மட்டும் காரில் வருவார், மற்ற நாளில் அந்த வழியாகப் போனால் எட்டிப் பார்ப்பார். "நம்ம கோப்பு அப்படியே இருக்காம். உள்ளே ஒரு உறை இருக்கு. ஓரமெல்லாம் ஒட்டிக் கிடக்கு. பிரிக்காம வெச்சிருக்கார்."

"உ... உறையா?"

"எல்லாத்தையும் புர்கோஸ் ஆயர் அலுவலகத்துக்கு அனுப்பப் போறாங்களாம். அங்க போட்டோ புடிச்சு, கேக்குறவங்களுக்கெல்லாம் காட்டுவாங்களாம். அதுக்கு முன்னாடி வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்கு நானே பிரிச்சுப் படிக்கப் போறேன். பூதக்கண்ணாடி கூட வாங்கிட்டேன். எவன்னு அன்னைக்குத் தெரிஞ்சுரும்."

"மொட்டைக் கடுதாசியில எவன் பேரு போட்டிருக்கப் போறான்?"

"பேரு எதுக்கு? கையெழுத்து போதும். எனக்கென்னமோ அவன் இடது கையால எழுதியிருப்பான்னு தோணுது."

எலாடியோவின் கையிலிருந்த ஸ்பூன் தானாகக் கீழே விழுந்தது.

"என்னங்க ஆச்சு?"

"ஸ்பூனு... வழுக்குது."

"சரி, சந்தைக்குப் போகணும், ஒரு சீட்டு எழுதுங்க. கொண்டைக்கடலை, உப்பு..."

"எழுத வேண்டாம்! சொல்லு. மனசுல வெச்சுக்கறேன்."

"ரெண்டு சாமான் சொன்னா ஒண்ணை மறக்கிற ஆளு. மனசுல வெச்சுக்கிறாராம்."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவர் ஒரு நிலையில் இல்லை. காபியில் உப்பைப் போட்டார். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம் பண்ணிக்கொண்டு தபாலாபீஸ் போனார். சுவரில் ஒட்டிய பழுப்புக் காகிதத்தில் கசில்தா தன் பெயரையும் அவர் பெயரையும் எழுதி நடுவில் கோடு போட்டிருந்தாள். வியாழக்கிழமைக்கு அப்புறம் அந்தக் கோடு இருக்குமா? அறுபத்துநாலு வயசில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தார். முட்டை உடைக்கக் கூடத் தெரியாது. அதைவிட, அவளுடைய சத்தம் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. கசில்தா கைப்பையை எடுத்தாள்.

"உங்க மூக்குக்கண்ணாடி ஆடுது பாருங்க. கழட்டிக் குடுங்க, ஸ்க்ரூ முடுக்கிட்டு வர்றேன். அப்படியே தலைமுடி சுருட்டிக்கப் போறேன். பன்னெண்டுக்கு நேரா கோயிலுக்குப் போயிருவேன்."

கண்ணாடியோடு போய்விட்டாள். எலாடியோவுக்கு ஆண்டவரே கதவைத் திறந்துவிட்டது போல இருந்தது. இரண்டு மணி நேரம்! சட்டையை மாட்டிக்கொண்டு, வழியில் இரண்டு பூந்தொட்டியை மிதித்துக்கொண்டு, கோயிலுக்கு ஓடினார்.

சாமியார் உடுப்பு மாற்றும் அறையில் தாமியான் சாமி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க எலாடியோ! பூசைக்கே வராத ஆளு, வியாழக்கிழமையில?"

"பாட்டன் மேல பாசம் பொங்கிருச்சு சாமி. அவர் ஞானஸ்நானம் எந்த வருஷம்னு பார்க்கணும்."

"கண்ணாடி இல்லாமலா?"

"பாசம் இருக்கே சாமி."

சாமி அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு இரும்பு அலமாரியைத் திறந்துவிட்டு, "நீங்க பார்த்துக்கிட்டிருங்க, இந்தப் பெட்டியைக் காரில வெச்சுட்டு வர்றேன்" என்று வெளியே போனார்.

வாசல் தாண்டியதுதான் தாமதம். எலாடியோ கட்டுகளைப் பிரித்தார். அறுபத்தாறு, அறுபத்தேழு, அறுபத்தெட்டு. இதோ கோப்பு. இதோ உறை. தன்னுடையது சாம்பல் நிறம் என்று ஒரு ஞாபகம். இது வெள்ளையாக இருந்தது. நாற்பது வருஷத்தில் தலைமுடியே வெளுத்துவிட்டது, உறை வெளுக்காதா? நகத்தால் கிழித்தார். உள்ளே இரண்டு தாள், இரண்டு பக்கமும் நிறைய எழுத்து. ஆறு வரிதானே எழுதினோம்? கண்ணாடி இல்லாமல் எல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிந்தது. பயந்தவனுக்கு எதுவும் ரெண்டாகத்தான் தெரியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"எலாடியோ! உள்ளேயா இருக்கீங்க?"

கசில்தாவின் குரல். மணி பத்தரைதான். படியில் செருப்புச் சத்தம்.

பாக்கெட்டில் வைக்கலாமா? அவருடைய பாக்கெட்டைத் தினமும் துழாவுகிறவளே அவள்தான். கிழித்துப் போட்டால் ஒட்டிப் படிப்பாள். வேறு வழியில்லை. முதல் தாளைச் சுருட்டி வாயில் போட்டார். பழைய காகிதம், பூஞ்சைக் கசப்பு. மென்றார். இரண்டாவது தாள். தொண்டையில் நின்றது. கண்ணில் நீர் வந்தது. மேஜைமேல் லில்லிப் பூ வைத்திருந்த ஜாடியை எடுத்து, பூவை ஒதுக்கிவிட்டு, அந்தத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். கடைசியாக உறையும் போனது. சேசுவே மரியாயே என்று ஒரு விழுங்கு.

சாமியும் கசில்தாவும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள்.

"என்ன மெல்லுறீங்க?" என்றார் சாமி.

"இருமல் மிட்டாய்."

கசில்தா கோப்பை எடுத்தாள். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். எலாடியோ சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். இப்போது கத்துவாள். இப்போது அழுவாள்.

"சாமி, உறையைக் காணோமே" என்றாள் சாதாரணமாக.

"இங்கதானே இருந்துச்சு!"

"எலி தின்னிருக்கும்."

"இரும்பு அலமாரிம்மா."

"பெரிய எலி" என்று சொல்லி, எலாடியோவின் மோவாயில் ஒட்டியிருந்த லில்லி இதழைத் துடைத்துவிட்டாள். "விடுங்க சாமி. மத்ததெல்லாம் இருக்கே. புர்கோஸுக்கு அனுப்பிருங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போது எலாடியோவுக்குத் தரையில் கால் பாவவில்லை. வயிறு கடமுடா என்றது. அது கிடக்கட்டும்! நாற்பது வருஷத்துப் பயம் ஒரே நாளில் ஜீரணம். சமையலறையில் ராஜா மாதிரி உட்கார்ந்தார். கசில்தா பூண்டு சூப்பை வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தந்தாள். ஸ்க்ரூ ஆடவேயில்லை. பிறகு தையல் சாமான் டப்பாவைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

சாம்பல் நிற உறை.

எலாடியோ கண்ணாடியை மாட்டினார். ஆறு வரி. இடது கை. ஒரு நல்ல கிறிஸ்தவன்.

"இது... இது எப்படி உன்கிட்ட?"

"நீங்க உண்டியல்ல போடும்போது சத்தூரியோ சாமி ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுத்தான் இருந்தார். மறுநாளே என்னைக் கூப்பிட்டுக் கையில குடுத்தார். 'பொண்ணே, நல்லா யோசிச்சுக்கோ'ன்னார்."

"நாப்பது வருஷமா தெரியுமா? அப்ப அந்த ஆட்டுத் தொடை? அந்தக் கத்தி?"

"வருஷத்துக்கு ஒரு நாள் உங்க முகத்தைப் பார்க்கணுமே. அதுல ஒரு சந்தோஷம் எனக்கு."

"என்னை மன்னிச்சுட்டியா?"

"ஜன்னலுக்குக் கீழ நின்னு அழுதீங்களே, அன்னைக்கே மன்னிச்சாச்சு. இல்லேன்னா கட்டிக்கிட்டிருப்பேனா?" என்று அவர் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

அவருக்குக் கண் கலங்கியது. அப்புறம்தான் அந்த எண்ணம் மெதுவாக வந்து இடித்தது.

"அப்ப... நான் தின்னது என்ன?"

"என் கடுதாசி. உங்களுது கைக்கு வந்த அன்னைக்கு, வந்த ஆத்திரத்துல நானும் உட்கார்ந்து சாமிக்கு ஒண்ணு எழுதினேன். ரெண்டு தாள், ரெண்டு பக்கம். உங்களைப் பத்தித்தான். திருப்பி வாங்குறதுக்குள்ள கிழவர் போய்ச் சேர்ந்துட்டார். இப்ப புர்கோஸ்ல வெச்சு நொயேமி படிச்சா என்ன ஆகுறது?"

"நீயே எடுத்திருக்கலாமே!"

"நான் மாதர் சங்கத் தலைவி. கோயில் காகிதத்தைத் திருடினா பாவமில்லையா?"

"எனக்குப் பாவமில்லையா?"

"உங்களுக்குப் பழக்கம்தானே."

எலாடியோ வயிற்றைத் தடவிக்கொண்டார். பழைய பயம் போன இடத்தில் புதுப் பயம் ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்தது. நாலு பக்கம்!

"கசில்தா... அதுல என்னைப் பத்தி அப்படி என்னதான் எழுதியிருந்தே?"

"அது இனிமே உங்க வயித்துக்குத்தான் தெரியும்" என்றாள் கசில்தா. "சூப்பு ஆறுது, குடிங்க."