ஜூலையிலேயே காலாவதியான பொன்னுதுரை

பேரரசர்களும் போப்பாண்டவர்களும் கைவைத்துப் பாதியில் விட்டுப்போன நாட்காட்டிச் சீர்திருத்தத்தை, 2025 அக்டோபரில் மூன்றே நாளில் முடித்துவைத்த பெருமை தூத்துக்குடியில் உள்ள எங்கள் கன்டெய்னர் யார்டைச் சேரும். அந்தச் சரித்திரம் நடந்தபோது நானும் அங்கே புரோகிராமர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பதைப் பணிவோடு பதிவுசெய்கிறேன்.

ஆறாம் தேதி திங்கட்கிழமை முதல் கேட் பாஸை மனிதக் கண் பார்க்காது, பைத்தான் ஸ்கிரிப்ட்தான் பார்க்கும் என்று உத்தரவு. அந்த 'அதிநவீன' ஸ்கிரிப்ட் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வாசிக்கும். முதல் எண் பன்னிரண்டைத் தாண்டினால் மட்டும், அப்படி ஒரு மாதம் கிடையாதே என்று திடுக்கிட்டு நம் வழிக்கு வரும். டிரைவர் பொன்னுதுரையின் பாஸ் 07/11/2025 வரை செல்லும். ஆகையால் அவர் ஜூலை பதினொன்றிலேயே காலாவதியாகிவிட்டார்.

“ஏளா, நவம்பர் ஏழு வரைக்கும்னுல்லா போட்டிருக்கு! கேட்ல நிக்கவன் உள்ள விடமாட்டேன்னு சொல்லுதான். மூணு நாள் உள்ள போகலன்னா பேர அடிச்சிருவாவ. இன்னைக்கு மூணாவது நாளு” என்று அவர் என்னிடம் வந்து முறையிட்டார்.

அன்று புதன்கிழமை. ஆறு மணிக்குள் அவர் உள்ளே போயாக வேண்டும். முதல் எண்ணை நாளாகவும் அடுத்ததை மாதமாகவும் வாசி என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று மேலாளர் பராங்குசத்திடம் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு வரியா? ஒரு வரின்னா மீட்டிங் போடணும்மா. பத்து வரின்னா டெண்டரே விடணும்.”

போட்டார்கள். ஐந்து அதிகாரிகள், மூன்று மணி நேரம், இரண்டு தட்டு மக்ரூன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: இனி எந்தப் பாஸும் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் முடியாது. ஸ்கிரிப்டுக்கு மனவருத்தம் தரும் தேதிகள் ஒழிக்கப்பட்டன.

“அப்போ பொன்னுதுரை அண்ணாச்சி?” என்றேன்.

“அதுக்கும் வழி இருக்கு” என்று பணியாளர் பிரிவு விஜிலா மேடம் கருணையோடு வெளியே வந்தார். “அண்ணாச்சி, என் பாஸ் ஜூலை பதினொண்ணுல முடிஞ்சிட்டு, புதுசு வேணும்னு எழுதிக் குடுங்க. நீங்களும் சிஸ்டமும் ஒரே தேதியச் சொன்னா சோலி முடிஞ்சு.”

“எழுதாதீங்க அண்ணாச்சி!” என்று தடுத்தேன்.

“மணி அஞ்சே முக்கா ஆவுதுளா. நீ சொல்லுத ஞாயம் அந்தக் கேட்டத் தொறக்குமா?”

எழுதினார். டிசம்பர் 31 வரை புதுப் பாஸ் வந்தது. ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கேட் திறந்தது. அலுவலகமே கைதட்டியது.

மறுநாள் காலையில் அவரை வேலையை விட்டு நீக்கும் உத்தரவு வந்தது. ஜூலை பன்னிரண்டு முதல் ஏறக்குறைய மூன்று மாதம் செல்லத்தக்க பாஸ் இல்லாமல் யார்டுக்குள் அத்துமீறி நுழைந்ததாகக் குற்றம். சாட்சி, அவருடைய சொந்தக் கையெழுத்து.

பாவம், ஸ்கிரிப்டைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குத் தேதி வாசிக்கத் தெரியாது. அந்த உத்தரவில் ஐந்து அதிகாரிகளும் கையெழுத்திட்டு, ஒவ்வொருவரும் அதன் கீழே நாளை முதலிலும் மாதத்தை இரண்டாவதாகவும் சுத்தமாக எழுதியிருந்தார்கள்: 09/10/2025.