மழை முடிந்துவிட்டது என்று நான் அறிவித்த நாள்

வடகிழக்குப் பருவமழை எப்போது விடைபெறும் என்று சொல்வதற்கு அரசாங்கத்தில் ஒரு துறையே இருக்கிறது. அது தெரிந்தும் அந்த வேலையைத் தானாகக் கையில் எடுத்துக்கொள்ளும் ஆள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. எங்கள் குடும்பத்தில் அது நான்.

கல்யாணமான முதல் வருஷம். நாமக்கல்லிலிருந்து வந்து காட்டுப்பாக்கத்தில் ஒரு பிளாட்டில் குடியிருந்தேன், ஐ.டி. வேலை. மாமனார் வீடு ஆவடியில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸின் இரண்டாவது மாடி. (புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் எதைப் பற்றியும் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு. அது சீக்கிரமே காலாவதியாகிவிடும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.)

மார்கழி பாதி ஆகியிருந்தது. ஐப்பசியிலிருந்து விட்டுவிட்டுப் பெய்த மழையில் வீடு முழுக்க ஈர வாடை. மார்கழியாச்சே என்று பார்க்காமல், அன்று சாயங்காலம் மைத்துனி வித்யாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"நனைஞ்ச கோணி மாதிரி நாறுதே, வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று மாமியார் புலம்பினார். வாடை முழுக்க மெத்தைகளிலிருந்துதான். எல்லாம் இலவம்பஞ்சு.

நான் பால்கனிக்குப் போய் வானத்தை ஆராய்ந்தேன். பளிச்சென்ற நீலம். வடக்கேயிருந்து சில்லென்று காற்று. காலையில் வண்டி சீட்டில் பனி கோத்திருந்ததையும் பார்த்திருந்தேன். பனி பெய்தால் மழை இல்லை என்று பழமொழியே இருக்கிறது. போதாததற்குச் செல்போனில் செயற்கைக்கோள் படம் வேறு.

"அத்தை, மெத்தையெல்லாம் மாடிக்குப் போகட்டும். மழை முடிஞ்சு போச்சு."

மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "பொங்கல் வரைக்கும் நம்ப முடியாது, மாப்ள."

"இல்ல மாமா, காத்து திசை மாறிடுச்சு. இனிமே ஒரு சொட்டு விழாது."

எதிர்வீட்டு ஏழுமலை, பக்கத்துப் பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவர், இதை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னா மாப்ளே, கன்பார்மா சொல்றியா?"

"என்னை நம்புங்கண்ணே."

நம்பினார். அவர் மெத்தையும் மாடி ஏறியது. அவர் நம்பியதைப் பார்த்து அந்த பிளாக்கே நம்பியது. கொஞ்ச நேரத்தில் மொட்டைமாடி கவர்மென்ட் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிட்டது. நான் டாக்டர் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு ரவுண்டு வந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்தவன் நன்றாகத் தூங்கிப்போனேன். அரைத்தூக்கத்தில் சடசடவென்று ஒரு சத்தம். வருகிறவர்களுக்காக மாமியார் பஜ்ஜி போடுகிறார் என்று நினைத்துத் திருப்தியாகப் புரண்டு படுத்தேன்.

"ஏங்க! திசை மாறிப் போன காத்து திரும்பி வந்திருக்கு, எழுந்திருங்க!" என்று என் மனைவி கீதா உலுக்கினாள்.

நாங்கள் மாடிக்கு ஓடி முடிப்பதற்குள் அது பெய்து முடித்துவிட்டது. மறுபடியும் பளிச்சென்று வெயில். (இந்த அவமானத்தைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.) மாமனார் நனைந்த தலையணை ஒன்றைக் கையில் எடுத்துத் துண்டைப் பிழிவது போல முறுக்கினார்.

மெத்தையை அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் விருந்தாளிகள் வருவதற்குள் எல்லாவற்றையும் கீழே சைக்கிள் ஷெட்டில் ஒளித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதுவும் என் யோசனைதான். மெத்தையைப் படியில் சறுக்கவிட்டு, மேலேயிருந்து ஏழுமலை ஒரு மூலையைப் பிடித்தார், நான் ஒரு மூலை.

"இது மெத்த இல்ல நைனா, எரும!" என்றார் ஏழுமலை, மூச்சு வாங்கிக்கொண்டே.

முதல் மாடிக்குக் கீழே, படி திரும்புகிற இடத்தில், எருமை சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. அப்போது மெத்தைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்:

"யாருங்க மேல?"

"நான் இந்த வீட்டு மாப்பிள்ளைங்க. நீங்க?"

"நாங்களும் மாப்பிள்ளை வீடுதாங்க."

"ரெண்டு மாப்ளையும் வந்தாச்சுல்ல, அப்பறம் இன்னா?" என்று ஏழுமலை கத்தினார். "மேல கீறவன் தள்ளு, கீய கீறவன் இயு!"

தள்ளினேன். கீழே இருந்தவர் இழுத்தார். மெத்தை ஒரு பெருமூச்சோடு விடுபட்டுப் படியில் சறுக்கி, மாப்பிள்ளைப் பையனை அடியில் போட்டுப் படுத்துக்கொண்டது. பையனின் அப்பாவுடைய வெள்ளை வேட்டி முழங்கால் வரை பஞ்சுத் தண்ணீரில் பழுப்பாகிவிட்டது.

மேலேயிருந்து ஒரு சிரிப்பு. பட்டுப்புடவையும் பூவுமாக வித்யா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்தவும் மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மெத்தையடியிலிருந்து தலையை நீட்டிய அந்தப் பையன் கார்த்திக் அவளை முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். அவரும் சிரித்துவிட்டார்.

மாமியாருக்கோ அழுகையே வந்துவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க, மழை நின்னுடுச்சுன்னு எங்க மாப்பிள்ளை சொன்னாரு..."

பையனின் அம்மா மெதுவாகத் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "நெமிலிச்சேரியில எங்க வீட்டு மெத்தையும் இப்ப மாடியிலதான் கெடக்குது. இவரு சொல்லித்தான் போட்டேன்."

அந்தப் பெரியவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் என் கையை அழுத்திப் பிடித்து, "நம்ம கணக்கு சரிதான் தம்பி. மழைதான் தப்பா பெஞ்சிருச்சு," என்றார்.

தை மாதமே நிச்சயமாயிற்று. கார்த்திக் இப்போது என் சகலை. மார்கழி வந்தால் தவறாமல் போன் செய்வார்.

"சகலை, மழை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. இந்த வருஷம் நிச்சயமா முடிஞ்சுது," என்பேன், கொஞ்சமும் தயங்காமல்.

போனை வைப்பதற்குள் அந்தப் பக்கத்தில் கேட்கும்: "வித்யா! சகலை சொல்லிட்டாரு. கொடியில இருக்கற துணியை எடு!"