அங்கிக்குக் குரல் கொடுத்த பெண்

ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டதும் "இது நான்தான்" என்று சொல்லக்கூடிய மனிதர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. மற்றவர்களுக்கு நம் குரல் வெளியிலிருந்து கேட்கிறது, நமக்கு மண்டைக்குள்ளிருந்து கேட்கிறது. இந்தச் சின்ன விஷயம் தெரியாததால் நான் ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன். அதுவும் முறைப்படி, முத்திரை குத்தி.

அப்போது நான் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் உள்ள ஓர் அரச அலுவலகத்தில் (எங்கள் பேச்சில் கந்தோர்) நிர்வாக உத்தியோகத்தர். உள்ளூராட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் சுற்றறிக்கை வந்தது. அரச ஊழியர் வாக்களிக்கலாம், ஆனால் பிரசாரம் செய்யக் கூடாது. செய்கிறார்களா என்று கவனிக்க எங்கள் அலுவலகத்திலும் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (விழுந்தது என்று பணிவாகச் சொல்கிறேன். உண்மையில் தலையை நீட்டியது நான்தான்.)

அன்றிலிருந்து எனக்கு நித்திரை குறைந்தது. வேட்பாளர் ஒருவரின் புடவைக்கடையிலிருந்து வந்த கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றினேன். அலுவலகத்தில் ஒரு மாதம் யாருக்கும் திகதி தெரியவில்லை. "இந்த முறை ஒரு மாற்றம் வரும்போல கிடக்கு" என்று சொன்ன லிகிதரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டேன். அவர் மழையைப் பற்றிச் சொல்லியிருந்தார். தேநீர் நேரத்தில் நான் உள்ளே போனால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அதை மரியாதை என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் பெயர் சொல்லாத ஒருவர் தொலைபேசியில் பேசினார். "உங்கட கந்தோர்ப் பொம்பிளை ஒராள்ற குரல் பிரசார ஓட்டோவில போகுது. கவனியுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாளே அந்த ஓட்டோ எங்கள் வாசலால் போனது. அது ஒரு சுயேச்சைக் குழுவின் ஓட்டோ. அவர்களுக்குக் கிடைத்த சின்னம் அங்கி, அதாவது படகில் போகிறவர்கள் போடும் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி. நான் யன்னலால் கையை நீட்டி என் தொலைபேசியில் பதிவு செய்தேன். "அன்பான வாக்காளர்களே" என்று ஓர் ஆண் குரல் தொடங்கியது. பிறகு ஒரு பெண் பேசினாள்.

"கடல் எப்போது குழம்பும் என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு அங்கிதான். தவறாமல் உங்களுக்கு ஏற்ற அங்கியைத் தெரிவுசெய்யுங்கள். ஒருவரையும் தள்ளாதீர்கள். அன்பானவர்களே, எல்லோருக்கும் இடம் உண்டு."

திரும்பத் திரும்பக் கேட்டேன். உச்சரிப்பு சுத்தம். ஆனால் அந்தத் தோரணை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. யாரிவள், இவ்வளவு திமிராகப் பேசுகிறாள் என்று வீட்டில் வாய்விட்டே சொன்னேன். (என் கணவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். அவர் அதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.)

எனக்கு றிஸ்னாமேல் சந்தேகம் வந்தது. மூதூரிலிருந்து தினமும் படகில் வேலைக்கு வருகிறவள். அலுவலக விழாக்களில் அறிவிப்புச் செய்வதும் அவள்தான். அந்தச் சுயேச்சைக் குழுவும் மூதூர்க்காரர் தொடங்கிய குழு. இதற்குமேல் என்ன வேண்டும்? பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். முதல் வரியிலேயே அவள் முகம் வெளிறிவிட்டது.

"இது ஆரின்ர குரல் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும் மிஸ்."

"அப்ப சொல்லுங்கோ."

"என்னால சொல்ல ஏலாது மிஸ்."

குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டாள் என்று முடிவுகட்டினேன். அந்த மாதம்தான் அவளுடைய தகுதிகாண் காலம் முடிந்து நியமனம் நிரந்தரமாக வேண்டியிருந்தது. என் அறிக்கை மேலே போனால் அது நின்றுவிடும், வேலையே போகவும் கூடும். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். கடமை என்று வந்துவிட்டால் நான் கல்நெஞ்சக்காரி என்பதில் எனக்கு அந்த நாட்களில் ஒரு பெருமை இருந்தது.

விசாரணைக்குச் சாம்பல்தீவிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்தார். சத்தம் போடாத மனிதர். மேசைக்கு ஒரு பக்கம் அவர், எதிரே றிஸ்னா, பக்கத்தில் முறைப்பாட்டுக்காரியாக நான். தேநீர் கொண்டுவந்த அலுவலக உதவியாளர் குணம் அண்ணை கதவடியிலேயே நின்றுவிட்டார். நான் பதிவை ஓடவிட்டேன்.

ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் என்ன சொல்லுறியள் மிஸ்?"

"இது சந்தேகத்துக்கு இடமில்லாமல் இவவின்ர குரல்தான் ஐயா. அரச ஊழியர் ஒருவர் இப்பிடிப் பகிரங்கமாகப் பிரசாரம் செய்யிறதை அனுமதிக்க ஏலாது" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒருக்கா நீங்கள் சொல்லுங்கோ பாப்பம். 'ஒருவரையும் தள்ளாதீர்கள்.'"

என்னைச் சொல்லவைத்து வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். நல்ல ஏற்ற இறக்கத்தோடு, "ஒருவரையும் தள்ளாதீர்கள். அன்பானவர்களே, எல்லோருக்கும் இடம் உண்டு" என்று முழுவதையுமே சொல்லி முடித்தேன்.  குணம் அண்ணை தேநீர்த் தட்டோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

"மிஸ்," என்றார் ஐயா, "அது உங்கட குரல்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு, வேறு கந்தோரில் இருந்தபோது, மூதூர்ப் படகு புறப்படும் ஜெட்டி என்ற படகுத்துறைக்காக ஒரு பாதுகாப்பு அறிவிப்பை வாசித்துக் கொடுத்திருந்தேன். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, படகைப் பார்த்தாலே குமட்டும். மூதூருக்குப் போவதென்றால் பாலத்தால் சுற்றி பஸ்ஸில்தான் போவேன். அதனால் அது ஜெட்டியில் இன்னும் ஓடுகிறது என்பதே எனக்குத் தெரியாது. ஒலிபெருக்கிக்காரர் அதன் தொடக்கத்திலிருந்த "அன்பான பயணிகளே" என்பதை வெட்டிவிட்டு "அன்பான வாக்காளர்களே" என்று தன் குரலை ஒட்டியிருக்கிறார். மிச்சமெல்லாம் நானேதான். பின்னொரு நாள் கேட்டபோது, "சின்னம் அங்கிதானே மிஸ், வேற ஒரு சொல்லும் மாத்தத் தேவைப்படேல்ல" என்றார் அவர்.

அன்று அந்த அறையில் வெட்கத்தோடு தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். றிஸ்னாவிடம், "தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும் மிஸ், ஜெட்டியில நாங்க ஒவ்வொரு நாளும் கேட்கிற குரல்தானே" என்றாள். பிறகு குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "நீங்க தெரிஞ்சுகொண்டுதான் உங்கட பிழையை என்ட தலையில போடுறீங்க எண்டு நெனச்சன்."

சிரிப்புக் கதைதான். ஆனால் இந்த இடத்துக்கு வந்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நான் அப்படிச் செய்யக்கூடியவள் என்று அந்தப் பெண் நம்பியிருக்கிறாள். அலுவலகம் முழுவதும் நம்பியிருக்கிறது. அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட "மிஸ், அது நீங்கள்" என்று சொல்லத் துணிவு வராதபடி நான் அங்கே நடந்துகொண்டிருக்கிறேன்.

என் அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். றிஸ்னாவின் நியமனம் நிரந்தரமானது. என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. (அலுவலகத்துக்கு வரும் விளக்கக் கடிதங்களை உரியவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது நிர்வாக உத்தியோகத்தரின் வேலை. என்னிடமே கொடுத்து, என்னிடமே கையெழுத்து வாங்கினேன்.) அந்தச் சுயேச்சைக் குழுவுக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. அதற்கு நான் காரணமில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

விசாரணை நடந்த அன்று பின்னேரம் றிஸ்னாவோடு ஜெட்டிவரை நடந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சனம் முண்டியடித்துக்கொண்டு நின்றது. மேலே என் குரல், ஒருவரையும் தள்ளாதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கடைசியில் எப்படியோ, "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை" என்று சொல்லிவிட்டேன்.

றிஸ்னா அங்கியை மாட்டிக்கொண்டே சிரித்தாள்.

"எனக்கு இந்தக் குரல் விருப்பம் மிஸ். கந்தோர்ல நீங்க எங்களை ஒருநாளும் 'அன்பானவர்களே' எண்டு கூப்பிட்டதில்ல. இங்க தினமும் கூப்பிடுறீங்க."

வீட்டில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் மகள் எனக்கு இரண்டு குரல்கள் என்று பிரித்து வைத்திருக்கிறாள். நான் வாயைத் திறந்தால், "அம்மா, இது கந்தோர்க் குரலோ, ஜெட்டிக் குரலோ?" என்று கேட்பாள். கந்தோர்க் குரலுக்குப் பதில் சொல்வதில்லை என்று தகப்பனும் மகளும் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்கள். போன கிழமையும் குசினியில் நின்று, "சாப்பாடு ஆறுது, வாங்கோ" என்று இரண்டு தரம் கத்தினேன். ஓர் அசைவும் இல்லை. கரண்டியை வைத்துவிட்டு, மூச்சை இழுத்து, "அன்பானவர்களே" என்று தொடங்கினேன். கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது.