சைக்கிளை விட்டு இறங்காத பாதசாரி

பாதசாரிகளுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஊருக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். உத்திரமேரூரில் கொஞ்சம் கூடுதல். அடையாளம் கண்டுகொள்வது சுலபம்: இவர்கள் நடக்கவே மாட்டார்கள்.

எங்கள் பஸ் ஸ்டாண்டு வட்டாரத்தில் இந்த இனத்துக்கு மாதிரி, நெல் மண்டி வேதகிரி. காலையில் குளித்து, நீறு பூசி, வேட்டியை உயர்த்திச் செருகி, டைனமோ வைத்த சைக்கிளில் கடைத்தெருவுக்குள் நுழைந்தாரானால், திரும்ப வீட்டு வாசலில் அதைச் சார்த்தும்வரை மணியிலிருந்து கட்டைவிரலை எடுக்க மாட்டார். "ரோடா இது? ஜனங்க நடக்கறதா வேணாமா? எங்க பாரு, கூடைங்கதான் குந்திக்கினு கீது!" இதுதான் அவருடைய சுப்ரபாதம்.

அவர் சொன்னது பொய்யா? இல்லை. அதுதான் தொல்லையே. சாலவாக்கத்து முதல் பஸ்ஸில் கீரைக்கட்டோடு வந்திறங்கும் செல்லம்மாளின் சாக்கு, பொங்கலின்போது சுவரோரம் இருந்தது. ஆடிக்குள் தெருவுக்கே இறங்கிவிட்டது. அவளைப் பார்த்து மல்லாக்கொட்டை வறுத்து விற்கும் அருள்தாஸும் முன்னே நகர்ந்தார். அவரைப் பார்த்து வளையல் பெட்டிகளும் நகர்ந்தன. பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் கத்தரிக்காயைத் தாண்டி, வெண்டைக்காயை மிதிக்காமல் வீடு போய்ச் சேரக் கழைக்கூத்தாடியின் கால் வேண்டும்.

வேதகிரி பஞ்சாயத்து அதிகாரியிடம் போனார். "எல்லாத்தியும் ஏரிக்கரைக்குத் தள்ளிடுங்க சார்."

ஏரிக்கரையில் யார் கீரை வாங்குவார்கள்? கொக்கா? சேதி வந்தபோது செல்லம்மாள் அதைத்தான் கேட்டாள். பஸ்ஸில் இறங்கும் கூட்டம் வாங்கினால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

அதிகாரி காலையிலேயே வந்தார். சுவரிலிருந்து கயிறு பிடித்து, தெருவில் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். உள்ளே கூடை, வெளியே கால். "இன்னிக்குப் பார்க்கறேன். ஜனம் தடையில்லாம நடந்தா இங்கியே இருங்க. இல்லாட்டி ஏரிக்கரைதான்." சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்கினார். சாக்குகள் முணுமுணுத்துக்கொண்டே பின்வாங்கின. தெரு, தான் இவ்வளவு அகலமா என்று தானே வியந்து கிடந்தது.

அப்போது மணிச்சத்தம் கேட்டது.

இந்த இனத்தார் போணிக்கு வருவார்கள். முதல் வியாபாரத்தை முறிக்கக் கூடாது என்பது விற்பவளின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை மேல் வாங்குகிறவருக்குத்தான் பக்தி அதிகம். வேதகிரி சைக்கிளைத் தெருவுக்குக் குறுக்கே திருப்பினார். ஒரு கால் பெடலில். இன்னொரு கால், வழக்கம்போல, செல்லம்மாளின் சாக்கு மேல்.

"இன்னா செல்லம்மா, அரைக்கீரை எவ்ளோ?"

"போணி நைனா, பார்த்துக் குடு. கொஞ்சம் எறங்கிப் பேசேன், பின்னால ஜனம் வருது."

"நான் இன்னா இங்கியே குடித்தனம் பண்ணப் போறனா? ஒரு நிமிசம்."

அந்த ஒரு நிமிஷத்தில் காஞ்சிபுரம் பஸ் வந்து காலியானது. முட்டைக்கூடைக்காரி நின்றாள். அவள் மேல் மோதாமல் ஒரு மூட்டை நின்றது. மூட்டைக்குப் பின்னால் தெருவே நின்றது.

"யோவ் பெரியவரே, வண்டியா அது, வேலிப்படலா?"

கூட்டத்தில் யாரோ கத்த, வேதகிரி கோபமாகத் திரும்பினார். நெரிசலில் சிக்கி, டீக்கறை படிந்த சட்டையோடு அதிகாரி தெரிந்தார். நம்மவர் முகம் மலர்ந்தது. "நல்ல வேளை சார்! உங்க கண்ணால பாருங்க. இவங்களால எனக்கு நிக்கக்கூட எடமில்ல."

செல்லம்மாள் சாக்கைச் சுட்டிக் காட்டினாள். "என் சாக்கு கோட்டுக்குள்ளதான் கீது சார். அவரு காலுதான் என் சாக்கு மேல கீது."

அதிகாரி கோட்டைப் பார்த்தார். காலைப் பார்த்தார். குறுக்கே கிடந்த சக்கரத்தைப் பார்த்தார்.

"எறங்குங்க."

வேதகிரி இறங்கினார். சைக்கிள் ஓரம் போனது, தெரு நகர்ந்தது. கடைகள் அங்கேயே இருக்கலாம், வாங்குகிறவர்கள் வண்டியை பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும் என்று தீர்ப்பானது.

வேதகிரி இப்போது நடந்துதான் வருகிறார். வந்து, "ஒரு கட்டுக் கீரைக்கு மனுசன இம்மாந்தூரம் நடக்க வெக்கிறானுங்களே" என்று அங்கலாய்க்கிறார். செல்லம்மாளும் லேசுப்பட்டவள் அல்ல. சுண்ணாம்பு மங்க மங்க, அவள் சாக்கு மறுபடி ஒரு சாண் முன்னால் வந்திருக்கிறது.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய இந்தப் பத்திரிகையை உருவி, ஒரு காலைக் கடைப்பலகையில் ஊன்றி, சைக்கிளில் உட்கார்ந்தபடியே இதைப் படித்து முடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பின்னால் யாரோ வெகு நேரமாக "கொஞ்சம் வழி விடுங்க" என்கிறார்கள். உங்களைத்தான்.