கோல்டு மெம்பர் குமுதவல்லி

மகள் வளைகாப்புக்குப் போனால் விமானத்தின் முன்வரிசையில்தான் போவது, அதுவும் கையிலிருந்து ஒரு காசு கொடுக்காமல் போவது என்று மண்டோர் அமிர்தலிங்கம் சபதம் எடுத்தபோது, குமுதவல்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி எத்தனையோ சபதங்களை அவள் கேட்டுவிட்டாள். ஒன்றுக்காகவும் கீரை ஆய்வதை நிறுத்தியதில்லை.

அவர்களுடைய ஒரே மகள் ரோகினி, கடல் தாண்டி மீரி நகரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. அங்கேயே மாப்பிள்ளைக்கும் வேலை. இப்போது நான்காவது மாதம். விமானம் ஏறி அலைய வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், வளைகாப்புக்குத் தாய் வீடுதான் மகளைத் தேடிப் போக வேண்டும்.

"ரெண்டு டிக்கெட்டு வாங்குங்க. வேல முடிஞ்சிச்சி" என்றாள் குமுதவல்லி.

"காசு குடுத்தா? இந்தக் காலத்துல எவனாச்சும் காசு குடுத்து ப்ளேன் ஏறுவானா?"

"பின்ன எல்லாரும் றெக்கையில தொங்கிக்கிட்டா போறாங்க?"

"பாயிண்ட்டு லா, பாயிண்ட்டு! அட்டை தேய்ச்சா பாயிண்ட்டு. ஹோட்டல்ல தங்குனா பாயிண்ட்டு. அத சேத்தா முன்னாடி சீட்டு. கால நீட்டிப் படுத்துக்கிட்டே போவலாம்."

"படுக்கறதுக்கு நம்ம வீட்லயே கட்டில் இருக்குங்க. நான் புள்ளயப் பாக்கப் போறேன்."

லாபு ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், ஆட்களை மேய்க்கும் மண்டோர் அமிர்தலிங்கத்தை மீறி ஓர் இலை அசையாது. வீட்டில் நிலைமை வேறு. அதனால் வீட்டில் எடுக்கும் முடிவுகளை அவர் எப்போதும் உரத்த குரலில்தான் எடுப்பார்.

மறுநாளிலிருந்து கடன் அட்டை தேய்க்கும் படலம் தொடங்கியது. பக்கத்து வீட்டு ஹாஜா மைதீன் தன் சாப்பாட்டுக் கடைக்கு அரிசி வாங்கப் போனால், அமிர்தலிங்கம் பின்னாலேயே போய் நிற்பார். "நான் அட்டைய தேய்க்கிறேன். நீங்க எனக்குக் காசா குடுத்திடுங்க." கோயில் திருவிழாவுக்கு நெய் டின்னா, அவர் அட்டை. எவர் வீட்டுக்கோ ஐஸ்பெட்டியா, அவர் அட்டை. ஒரு சாவு வீட்டில் பிண வண்டிக்கும் அட்டையை நீட்டிவிட்டார். வண்டிக்காரன் ரொக்கம் மட்டும்தான் வாங்குவேன் என்று சொன்னதால் செத்தவர் மானம் தப்பித்தது.

அவ்வளவு தேய்த்தும் முன்வரிசை எட்டவில்லை. அப்போதுதான் போர்ட்டிக்சன் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் அறிவிப்பு அவர் கைப்பேசிக்கு வந்தது. கூட்டம் இல்லாத வார நாட்களில் அறை மலிவு. அடிக்கடி வந்து தங்குபவர் 'கோல்டு மெம்பர்' ஆகிவிடுவார். கோல்டு ஆனவருக்குப் புள்ளிகள் மூட்டை மூட்டையாக விழும். அதை அப்படியே விமானப் புள்ளியாக மாற்றிக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. யார் பெயரில் கணக்கோ, அந்த ஆளே அடையாளக் கார்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு அங்கே தங்க வேண்டும். அமிர்தலிங்கத்தால் எப்படி முடியும்? விடியுமுன் தோட்டத்தில் பெரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்க அவர் நிற்க வேண்டும். லீவு என்பதை அவர் மறந்தே பல காலம் ஆகிறது. தான் ஒரு நாள் பெரட்டுக்கு வராவிட்டால் செம்பனை குலை தள்ளாது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

"நீ போய்த் தங்கு" என்றார் மனைவியிடம். "கணக்க ஒன் பேர்ல தொறந்திடறேன். ஒன் பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன?"

"தனியாவா? நான் மாட்டேங்க."

"ஹசீனாவ தொணைக்குக் கூட்டிக்க. படுக்கறதுதானே வேல? அங்க போயி படு. காலையில எந்திரிச்சி வா."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது ஒரு முறை கத்தித்தான் கெடுகிறது. இவர் வாராவாரம் தானே காடி ஓட்டி, மனைவியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

முதல் தடவை குமுதவல்லியும், ஹாஜா மைதீனின் மனைவி ஹசீனா பேகமும், புளிச்சோறும் பாயும் கட்டிக்கொண்டு போனார்கள். கட்டில் மெத்தை அதிகமாக மெத்தென்று இருந்ததால் இரண்டு பேரும் பாயை விரித்துத் தரையில் படுத்தார்கள். மூன்றாம் தடவை பாய் வீட்டோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு புளிச்சோறும் நின்றது.

அங்கே வரவேற்பில் இருந்த பெண் ஒவ்வொரு முறையும் எழுந்து, "வாங்க, புவான் குமுதவல்லி" என்று அம்மையார் பட்டத்தோடு அழைத்தாள். குமுதவல்லிக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தாள். வீட்டில் அவள் 'இந்தா'. தோட்டத்தில் மண்டோர் சம்சாரம். கோயிலில் ரோகினி அம்மா. தன் முழுப் பெயரை ஒருவர் வாய் நிறையச் சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று சாயங்காலம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது கண் கலங்கியது. ஹசீனா என்னவென்று கேட்டதற்கு, உப்புக் காற்று என்றாள்.

சமைக்க வேண்டாம், துணி துவைக்க வேண்டாம், யாருக்கும் எதையும் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டாம். பொழுது கிடந்தது. சும்மா இருப்பவளா குமுதவல்லி? அந்தப் புள்ளித் திட்டத்தின் விதிமுறை முழுவதையும் கைப்பேசியில் எழுத்து விடாமல் படித்தாள். அமிர்தலிங்கம் கொட்டை எழுத்தோடு நிறுத்திக்கொண்டவர். இவள் பொடி எழுத்தில்தான் விசேஷம் இருக்கிறது என்று கண்டுகொண்டாள்.

இங்கே வீட்டில் அமிர்தலிங்கம் மேகி மீ நூடுல்சைக் கிண்டிக்கொண்டு போன் போடுவார்.

"இந்தா, உப்பு எங்க இருக்கு?"

"உப்பு டப்பாவுலங்க."

"உப்பு டப்பா எங்க இருக்கு?"

"நான் இப்ப லவுஞ்சுல இருக்கேன். அப்பறம் கூப்பிடுங்க."

எப்படியோ கோல்டு வந்தது. புள்ளியும் விழுந்தது. ரோகினிக்கு ஆறு மாதம் நிறையும்போது இரண்டு பேருக்கும் முன்வரிசைக்குத் தேவையானது சேர்ந்துவிட்டது. டிக்கெட் போடுங்கள் என்றாள் குமுதவல்லி.

"அவசரப்படாத. வருஷக் கடைசியில மாத்துனா கூடக் குடுப்பான்."

"வளைகாப்பு வருஷக் கடைசி வரைக்கும் நிக்குமா?"

"பேசாம கொழந்த பொறந்தப்பறம் போவோமே. பேரப்புள்ளயையும் பாத்த மாதிரி ஆச்சி."

"புள்ள பொறந்ததும் யாராவது வளையல் போடுவாங்களாங்க?"

"இல்ல, எனக்கொண்ணும் ப்ளேன்ல போக பயமில்ல…"

"பயம்னு இப்ப யாரு சொன்னா?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளை மாதிரி அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

விஷயம் அதுதான். அமிர்தலிங்கத்துக்கு விமானம் என்றால் பயம். சிப்பாங் விமான நிலையத்தில் இறங்கப் போகும் விமானங்கள் அவர் பெரட்டு எடுக்கும் இடத்துக்கு மேலேதான் தாழ்வாகப் பறக்கும். அந்த இரைச்சலுக்கு ஆட்கள் யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். அவர் மட்டும் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொள்வார். பாம்பைக் கையால் பிடிப்பவர், காட்டுப்பன்றியை விரட்டுபவர், இதை யாரிடம் போய்ச் சொல்வது? புள்ளி சேரும் வரை போக வேண்டியதில்லை என்பது அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. சேர்ந்து தொலைத்ததுதான் தப்பு. மகளைப் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. ராத்திரி ராத்திரி அவள் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். ஆசை ஒரு பக்கம் இழுக்கும், பயம் மறுபக்கம் இழுக்கும். நடுவில் நின்ற மனிதர் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

குமுதவல்லி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததற்கு அவர் கொஞ்சம் பயப்பட்டிருக்க வேண்டும். சமாதானமாகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தால், வாசலில் பெட்டி. பக்கத்தில் பஞ்சு வைத்துக் கட்டிய கண்ணாடி வளையல் பொட்டலம். குமுதவல்லி பட்டுச் சேலையில் நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"மீரிக்கு. இன்னிக்குச் சாயங்கால ப்ளேனு. முன்னாடி சீட்டு."

"எந்தப் பாயிண்ட்டுல?"

"என் பாயிண்ட்டுல."

"ஒன் பாயிண்ட்டா? ஐடியா யாருது? ரூமுக்குக் காசு கட்டுனது யாரு? காடியில கொண்டாந்து விட்டது யாரு?"

குமுதவல்லி பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கறேன். பெரட்டுல வந்து நிக்காத ஆளுக்கு நீங்க பேர் போடுவீங்களா? போன வருஷம் ஒங்க சொந்தத் தம்பி ஒரு நாள் வரல, பேர் போடுங்கண்ணேன்னு கெஞ்சினாரு. போட்டீங்களா?"

அவர் போடவில்லை. அதைத் தோட்டம் முழுக்கப் பெருமையாகச் சொல்லியும் திரிந்தார்.

"அங்க போயி நின்னது நான். பேர் என்னோடது. பேர் இருக்கறவங்களுக்குத்தான் பாயிண்ட்டுன்னு பொடி எழுத்துல போட்டிருக்கான்" என்றாள். "ரசம் வச்சிருக்கேன். உப்பு டப்பா அடுப்புக்குப் பக்கத்துல இருக்கு."

ஹாஜா மைதீனின் காடி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது.

முதல் இரண்டு நாள் அமிர்தலிங்கம் கோபமாக இருந்தார். வீட்டில் யாரும் இல்லாததால் அந்தக் கோபத்தை வைக்க இடமில்லை. பூனையிடம் கொஞ்சம் காட்டினார். அது எழுந்து ஹசீனா வீட்டுக்குப் போய்விட்டது. பெரட்டில் நிற்கும்போது தலைக்கு மேலே விமானம் போனது. தொப்பியைப் பிடிக்க மறந்து அண்ணாந்து பார்த்தார். ஹோட்டலில் தனியாகத் தங்கவே மாட்டேன் என்றவள் அதில் ஏறிப் போய்விட்டாளே என்று நினைத்தார். தான் இத்தனை வயதுக்கும் கீழேயே நின்றுகொண்டிருப்பது அவருக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் ஹசீனா பேகம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குழம்புக் கிண்ணத்தை நீட்டினாள்.

"நாளைக்கு வளைகாப்புல்ல, ரோகினி கூட போன்ல மொகம் பாத்துப் பேசுனேண்ணே. மொகம் நல்லா பூசுனாப்ல இருக்கு. அம்மா போயி எறங்குனதும், பாவம், புள்ள பின்னாடி பின்னாடி பாத்துச்சாம். அப்பா வரலையான்னு கேட்டுச்சாம்."

"இவ என்ன சொன்னாளாம்?"

"அப்பாவுக்குப் பெரட்டு இருக்குன்னாளாம்."

அமிர்தலிங்கம் குழம்புக் கிண்ணத்தை வாங்காமலே உள்ளே போனார். அப்பா வரவில்லையா என்று கேட்ட பிள்ளைக்கு, பெரட்டைப் பதிலாகச் சொல்ல வைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார். கைப்பேசியை எடுத்தார். இருந்த புள்ளி போதவில்லை, சலுகை இல்லை. கிடைத்தது கடைசி வரிசை, கழிவறைக்குப் பக்கத்து இடம், போகவும் வரவும் முழு விலை. யோசிக்காமல் வாங்கினார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிக்குப் போன் செய்து, நான் திரும்பும் வரை பெரட்டை நீங்களே எடுத்துவிடுங்கள் என்றார். கிராணி நம்பாமல், மறுபடி போன் செய்து கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

விமானம் கிளம்பியபோது அமிர்தலிங்கம் பக்கத்துச் சீட்டுச் சீனக் கிழவரின் கையைப் பிடித்தவர், மீரியில் இறங்கும் வரை விடவில்லை. நல்ல மனிதர், பொறுத்துக்கொண்டார். இறங்கும்போது மட்டும் கையை உதறிப் பார்த்துக்கொண்டார்.

ரோகினி வீட்டுக்குள் அவர் நுழைந்தபோது வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "அப்பா!" என்று ரோகினி இரண்டு கையையும் தூக்கினாள். அத்தனை கண்ணாடி வளையலும் ஒன்றாகக் குலுங்கியது. அமிர்தலிங்கம் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். மகள் தலையில் கையை வைத்து அப்படியே நின்றார்.

குமுதவல்லி ஆச்சரியப்படவே இல்லை. மூடி வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்து வந்து வைத்தாள். உட்கார்ந்தவர், மானத்தைக் காப்பாற்ற ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்.

"லீவு கெடச்சிச்சி. அதான் சும்மா எட்டிப் பாக்கலாம்னு."

"சரி. திரும்பறப்ப ஒங்களுக்கும் முன்னாடி சீட்டுதான், என் பக்கத்துல. ஜன்னலோரம் வேணாம்னு உள்பக்கமா போட்டிருக்கேன். கீழ பாத்தா ஒங்களுக்குப் பயமாச்சே."

அவர் கையிலிருந்த சோறு தட்டிலேயே விழுந்தது.

"ஒனக்கு… எப்பலேர்ந்து தெரியும்?"

"கல்யாணமானதுலேர்ந்து."

"டிக்கெட்ட எப்ப போட்ட?"

"என் டிக்கெட்டு போட்ட அன்னிக்கேதான்."

அமிர்தலிங்கத்துக்கு, முழு விலை கொடுத்து வாங்கிய கடைசி வரிசை ஞாபகம் வந்தது. கழிவறை வாடை வந்தது. சீனக் கிழவர் முகம் வந்தது.

"அப்படின்னா வர்றதுக்கும் எனக்கு ஒன் பக்கத்துலயே ஒரு சீட்டு போட்டிருக்கலாம்ல?"

குமுதவல்லி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றினாள்.

"போட்டிருந்தா ஏதாச்சும் சாக்கு சொல்லி நீங்க வந்திருக்க மாட்டீங்க."