பஞ்சு வைக்காத சுவர்

எட்டாம் தரப் பிள்ளைகளுக்கு ஒலி எப்படிப் பரவுகிறது என்று வருடா வருடம் படிப்பிக்கிறவன் நான். மாத்தளைக்குப் பக்கத்தில், பலாபத்வலையில் இந்த வீட்டைக் கட்டியதும் அதே நான்தான். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வீடு கட்டும்போது என் மனைவி ஸ்டெல்லா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது. அவள் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் இரவில் போட்ட சண்டையை, காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டார் வசனம் பிசகாமல் அவளிடமே சொல்லிக் காட்டுவார்களாம். "அழுதாலும் நம்ம செவத்துக்குள்ளேயே அழணுங்க" என்றாள்.

வெளிச்சுவர்களை மேசன் பாஸ் செங்கல்லில் கட்டிக் கொடுத்தார். உள்ளறைச் சுவர்களுக்கு என் மூளை வேலை செய்தது (அது வேலை செய்யும்போதெல்லாம் யாராவது தடுத்திருக்க வேண்டும்). யூடியூப்பில் ஒருவன் தகரச் சட்டத்தின் இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகையை முடுக்கி, ஒரே பகலில் ஓர் அறையைப் பிரித்துவிட்டான். நானும் மாத்தளை டவுனில் பலகை வாங்கினேன். நடுவில் வைக்கப் பஞ்சுச் சுருளையும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரன் ஊரில் பனி கொட்டுகிறது, குளிருக்குப் பஞ்சு வைக்கிறான். மாத்தளை வெயிலில் சுவருக்கு எதற்குக் கம்பளி? வேண்டாம் என்றுவிட்டேன். அது குளிருக்கு மட்டுமல்ல, சத்தத்துக்கும்தான் என்பது ஒலி வாத்தியாருக்குத் தோன்றவே இல்லை.

வீடு மந்திரிக்க ஃபாதர் வந்தார். ஹால் நிறையச் சொந்தக்காரர்கள். மெழுகுதிரி கொளுத்த நெருப்புப்பெட்டியைத் தேடி அறைக்குள் போனேன். பின்னாலேயே ஸ்டெல்லாவும் வந்து, அறை கிடந்த கோலத்தை யாரும் பார்த்துவிடாதபடி கதவைச் சாத்தினாள். கட்டிலில் அவள் அண்ணன் சேவியர் கொண்டுவந்த பரிசு இருந்தது. சும்மா இருக்காமல் மூலையைக் கிழித்துப் பார்த்தேன்.

"இது போன நத்தாருக்கு நாம உங்கண்ணனுக்குக் குடுத்த மணிக்கூடுதானே?"

"மெதுவா பேசுங்க."

"அதான் செவரு இருக்கில்ல. எவனுக்குக் கேக்கப்போவுது? கஞ்சப்பய, பேப்பரக்கூட மாத்தல."

அந்த நேரம் பார்த்து ஃபாதர் எல்லோரையும் மௌனமாக ஜெபிக்கச் சொல்லியிருந்தார். ஹாலிலிருந்து சேவியர் மச்சானின் குரல் என் தோளருகே நின்று பேசுவது போல் வந்தது.

"பேப்பர் புதுசு மச்சான். மணிக்கூடுதான் பழசு."

முதலில் சிரித்தது ஃபாதர்தான். பிறகு ஹாலே சிரித்தது. நான் நெருப்புப்பெட்டியும் கையுமாக அசடு வழிய வெளியே வந்தேன்.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. எல்லோரும் போனபின், என் முகத்தைப் பார்க்காமல், "லயத்துல பக்கத்து வீட்டுக்கு மட்டுந்தான் கேட்டுச்சு" என்றாள். வாழ்க்கையில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதையும் என் கெட்டிக்காரத்தனம் கெடுத்துவிட்டது.

பலகையைக் கழற்றிப் பஞ்சு வைக்க இன்னும் வசதி வரவில்லை. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் வீடு மெயின் ரோட்டோரம். தம்புள்ளை மரக்கறி லொறி கடந்தால் வீடே அதிரும். பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாததை அந்த இரைச்சலுக்குள்தான் பேசிக்கொள்கிறோம். கோபம் வந்தாலும் காத்திருக்கிறோம். லொறி வருவதற்குள் பாதி மறந்துவிடுகிறது. மச்சான் வீட்டில்கூட இப்போது யாராவது சண்டைக்கு வாயைத் திறந்தால், "லொறி வரட்டும்" என்கிறார்கள்.

அண்மையில் ஒருநாள் லொறி வந்ததும் ஸ்டெல்லா என் காதருகே குனிந்தாள். எதற்கோ திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். வீடு நல்லாத்தான் இருக்கு என்றாள்.

அதையாவது லொறி போன பிறகு சொல்லியிருக்கலாம்.